எண் கூப்பிடுகிறவள்

என் அம்மா லூர்துமேரி ஹவுஸி ஆட்டத்தில் ஏமாற்றுவாள். வேறு எதிலும் அவள் யாரையும் ஏமாற்றியதாக எனக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காமல், போன மாதம் சொன்னதையே ஃபாதரிடம் திரும்பச் சொல்லிவிட்டு வருவாள். ஹவுஸியை அந்தக் கணக்கில் அவள் சேர்க்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் இறந்தாள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்த என் அலுவலக நண்பர் ஒருவர், அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான். "கார்மென்ட்ஸ்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வராததை எழுதுகிறேன்.

ஹவுஸி தெரியாதவர்களுக்கு: சிலர் தம்போலா என்பார்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட், அதில் மூன்று வரிசை எண்கள். ஒருவர் பையிலிருந்து ஒவ்வோர் எண்ணாக எடுத்துக் கூப்பிடுவார். டிக்கெட்டில் அந்த எண் இருந்தால் மூடிவிட வேண்டும். எல்லாவற்றையும் முதலில் மூடுகிறவருக்கு ஃபுல் ஹவுஸ். கோலார் தங்கவயலில் கிளப், கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று எங்கும் இந்த ஆட்டம் உண்டு. அம்மா அதை ரயிலில் ஏற்றினாள்.

தங்கச் சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கு வேலை போனது, அம்மாவுக்கு வந்தது. அப்பா தாஸ், சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிறவர். மேலே வந்த பிறகு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, வைட்ஃபீல்டில் இறங்கி, ஒரு சட்டைக் கம்பெனியின் பட்டன் செக்‌ஷனில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவாள். எங்கள் ஊரிலிருந்து பாதிப் பேர் இப்படித்தான் பெங்களூருக்குப் போய்வந்தார்கள், இன்றும் போய்வருகிறார்கள்.

காலை ரயிலில் எல்லோரும் தூங்குவார்கள். மாலை ரயிலில் தூங்கினால் ராத்திரி வீட்டில் தூக்கம் வராது, தூங்காவிட்டால் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். அதனால் பெண்கள் பெட்டியில் அம்மா ஹவுஸி ஆரம்பித்தாள். சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டையை வெட்டி டிக்கெட். எண்ணை மூடப் புளியங்கொட்டை. கழித்துப்போட்ட பட்டன்களில் மார்க்கரால் எழுதிய எண்கள். பை, அப்பாவின் பழைய கால்சட்டைப் பாக்கெட். மாலூர் தாண்டியதும் ஒரு வளைவில் வண்டி உலுக்கும். எல்லோருடைய புளியங்கொட்டையும் இடம் மாறும். அதற்கப்புறம் யாருக்கு என்ன மூடியிருந்தது என்று பங்காருபேட்டை வரை சண்டை நடக்கும்.

ரயில் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரல் அவளுடையது. வெறும் எண்ணை மட்டும் சொல்லமாட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு. "அஞ்சு, ஓடு வண்டி கிளம்பிருச்சி." "இருபத்திரெண்டு, கோயில்ல முட்டி போட்ட ரெண்டு பேரு." "ஐம்பத்தெட்டு, மாலை போட்டு ஊட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க." "எண்பத்தெட்டு, பானைமேல பானை." பையிலேயே பெரிய எண்ணான தொண்ணூறு வந்தால், "தொண்ணூறு, ஆண்டவரே போதும்" என்பாள். பெட்டி முழுக்க அதைச் சேர்ந்து சொல்லும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்த நாட்களில் அதே ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் பையைக் கவனித்தேன். பத்துக்குள் இருக்கும் எண்கள் எல்லாம் காலர் பட்டன்கள், மிகச் சின்னவை. எண்பதுகள் கோட்டுப் பட்டன்கள். நடுவில் ஒவ்வொரு பத்துக்கும் ஓர் அளவு. ஆட்டம் முடியும் நேரத்தில் பெண்கள், "மேரி, எனக்கு ஒண்ணுதான், எழுபத்தாறு, எழுபத்தாறு" என்று கெஞ்சுவார்கள். அம்மா பைக்குள் கைவிட்டு, அந்த அளவில் நான்கைந்தை உள்ளங்கையில் அள்ளி, ஓரக்கண்ணால் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவாள்.

"அம்மா, இது மோசடி" என்றேன்.

"எது?"

"எழுபத்தாறை நீ பொறுக்கி எடுத்த."

"காலையில அவள லைன் இன்சார்ஜ் திட்னான். பாத்ரூம்ல போயி அழுதா. இப்ப பாரு மூஞ்சிய."

பார்த்தேன். அந்தப் பெண் பரிசாகக் கிடைத்த சோப்பை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு நாளைக்குத் திட்டு வுழும். கம்பெனி எங்க போவப் போவுது."

அப்பா போன பிறகும் அவள் ரயிலை விடவில்லை. உடம்புதான் விடவைத்தது. பார்க்கின்சன். கை நடுக்கத்துக்கு முன்னால் குரல் போக ஆரம்பித்தது. இந்த நோயில் பலருக்கு அப்படி நடக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: நோயாளிக்கே அது தெரியாது. தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று நினைப்பார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். மற்றவர்களுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றாள்.

என்னோடு வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டுக்கு வந்தாள். ஸ்பீக்கர்களைச் சோதிப்பது என் வேலை. காலையில் போனால் ராத்திரிதான் வருவேன். ஒருமுறை குளியலறையில் விழுந்தாள். பக்கத்தில் ஆள் வைத்துப் பராமரிக்கிற ஹோம்களைப் பார்க்கத் தொடங்கியபோது, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள்.

"அங்க எத்தன பேரு இருப்பாங்க?"

"இருபது, இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க."

"ஒரு பொட்டிக்குக் காணும்" என்றாள். பட்டன் பையை எடுத்துவைக்கச் சொன்னாள்.

மெட்ரோ தூண்களிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு உயரமான அபார்ட்மென்ட்களுக்கு நடுவில் அந்த ஹோம் இருக்கிறது. மூன்று மாடி. தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கூடம். அம்மா போன முதல் ஞாயிற்றுக்கிழமையே சாப்பாட்டு மேசைகளை ஓரம் தள்ளி ஹவுஸி நடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது யாரோ இருவர் ஒரு புளியங்கொட்டைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலில் இருப்பது போலத்தான் இருந்தது.

எண்களுக்குப் புது வால்கள் முளைத்தன. "ஏழு, வைத்தீஸ்வரன் சாரோட சொந்தப் பல்லு." வைத்தீஸ்வரன் ஓய்வுபெற்ற ஆடிட்டர். எட்டு என்று திருத்தினார். அடுத்த வாரத்திலிருந்து எட்டுதான் அவருடைய எண். "பதினெட்டு, ரத்தினம்மாளுக்கு மாப்ள பாக்குறாங்க." ரத்தினம்மாள் அல்சூர்க்காரர், அந்த ஹோமிலேயே மூத்தவர், காது மட்டும் இருபது வயசுக்காரி போல. "பார்த்தா சொல்லுங்கடி, நான் ரெடி" என்பார். "ஒண்ணு, எம்பொண்ணு" என்பது மட்டும் பழைய வால். நான் கூடத்தில் இருந்தால் அந்த எண் சீக்கிரம் வந்துவிடும். பையில் அது மிகச் சின்ன பட்டன்.

ஃபுல் ஹவுஸுக்குப் பரிசு ஒரு டின் பிஸ்கட். எல்லோருக்கும் சர்க்கரை வியாதி என்பதால் சர்க்கரை போடாத பிஸ்கட். ஜெயித்தவர்கள் அதைத் தின்றதில்லை. அறை ஜன்னலில் வரிசையாக வைத்துக்கொள்வார்கள்.

சில மாதம் கழித்து வைத்தீஸ்வரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரிசில்லா, தப்பா எடுத்துக்கப்படாது. உங்கம்மா ஆட்டத்துல ஏதோ பண்றா."

"தெரியும் சார்."

"உனக்கும் தெரியுமா? நான் மட்டுந்தான் கண்டுபிடிச்சேன்னு நெனச்சுண்டிருந்தேன். ஆஸ்பத்திரி போயிட்டு வந்தவாளுக்கு அந்த ஞாயித்துக்கிழமை விழறது. புள்ள ஃபோன் பண்ணாத வாரம் விழறது. போன மாசம் எனக்கு ஹார்ட் செக்கப், அன்னிக்குச் சாயங்காலம் ஃபுல் ஹவுஸ். ஒரு ஆடிட்டரா என்னால இத ஒத்துக்க முடியாது."

"மேனேஜர் மமதா மேடம்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"எதுக்கு? அடுத்த மாசமும் செக்கப் இருக்கு" என்றார்.

பிறகு தெரிந்தது, ரத்தினம்மாளுக்கும் தெரியும். பின்வரிசையில் உட்காருகிற நாராயணசாமிக்கும் தெரியும். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, அதை அம்மாவுக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. முன்வரிசை கேட்டு, பின்வரிசை கேட்காமல், "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க" என்று ஆட்டம் தடைபடும். அம்மா மறுபடி சொல்வாள், அதே சத்தத்தில். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தார். மூச்சை இழுத்து, நீளமாக, உரக்க 'ஆ' என்று சொல்ல வேண்டும், தினமும். அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் ரூபினிக்கு அந்தப் பொறுப்பு. ரூபினி ஈஜிபுராவிலிருந்து வருகிறவள். முப்பது வயதிருக்கும். அதட்டவும் தெரியும், கெஞ்சவும் தெரியும்.

"ஆ சொல்லுங்க மேரிம்மா."

"எதுக்கு? நீ பல் டாக்டரா?"

"டீச்சர் சொன்னாங்க இல்ல. நீட்டா ஆஆஆ."

"பைத்தியம்னு எழுதி இன்னொரு ஹோமுக்கு அனுப்பிச்சிடுவாங்க."

இரண்டு வாரம் இப்படிப் போனது. ரூபினியின் அம்மா ஈஜிபுராவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவர். ஒரு மாலையில் ரூபினி சக்கர நாற்காலியை லிஃப்டில் ஏற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள்.

"மேரிம்மா, எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு வெச்சிக்கோங்க. வண்டி நிறைய தக்காளி. நீங்கதான் விக்கணும். கூவுங்க."

"எவ்ளோன்னு கூவறது?"

"வெல உங்க இஷ்டம்."

அம்மாவுக்கு இது புரிந்தது. 'ஆ' என்பதற்கு அர்த்தம் இல்லை, தக்காளிக்கு இருக்கிறது. கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பி, "தக்காளேய்ய்" என்று கூவினாள். முதல் நாள் புறாகூடத் திரும்பவில்லை. ஒரு மாதம் போனதும் பக்கத்து அபார்ட்மென்ட் பால்கனிகளில் ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். தக்காளி அலுத்துப்போய் வெங்காயம், முருங்கைக்காய் என்று வியாபாரம் பெருகியது. ரூபினி எதிர்ப்பாட்டாகப் பேரம் பேசுவாள். ஒருநாள் அந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஹோமின் வாசலுக்கு வந்து நின்றார்.

"நாலாவது மாடி மேடம் கேக்கறாங்க. டொமேட்டோ எஷ்டு கேஜி?"

ரூபினி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மா அசரவில்லை. "தீந்துருச்சி. நாளைக்குக் காலையில வரச் சொல்லு" என்றாள். வாட்ச்மேனுக்கு அது தெளிவாகக் கேட்டது. அதுதான் முக்கியம். நான் அலுவலகத்திலிருந்து அளவுக் கருவி எடுத்துவந்து அளந்தும் பார்த்தேன். குரல் ஏறியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையிலிருந்து ஒருவரும் 'என்ன' என்று கேட்கவில்லை. தொண்ணூறு வந்தபோது ஆண்டவரே போதும் என்று கூடமே சொன்னது. நன்றாகிவிடும் என்று நினைத்தேன். இந்த நோயின் வரைபடம் எப்படிப் போகும் என்று படித்திருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபரில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது குரல் வெறும் காற்றாகிவிட்டிருந்தது. காதை உதட்டருகே கொண்டுபோனால் வார்த்தை கேட்கும். விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு, தக்காளி வேண்டாம், கொஞ்ச நாள் ஓய்வு போதும் என்றார். இனித் திரும்பாது என்று அவர் குரலிலிருந்தே தெரிந்தது. ரூபினி மட்டும் அன்று மாலையும் நாற்காலியை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கூவச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வியாபாரம் இல்லாத கடைக்காரர்கள் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. என்ன மருந்து, எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழம நான்தான் கூப்புடணும்" என்றாள். அதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நல்ல மைக் ஒன்றை அவள் காதில் மாட்டி, உதட்டருகே நிறுத்தி, கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் வைத்தேன். உள்ளே போகிற சத்தம் கலங்கலாக இருந்தால் வெளியே வருவதும் கலங்கலாகத்தான் இருக்கும். சின்ன முணுமுணுப்பு பெரிய முணுமுணுப்பாக வந்தது. நடுவில் அவள் மூச்சு விடுவது புயல் போலக் கேட்டது. நாராயணசாமி ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

அடுத்த வாரம் அம்மா ரூபினியின் காதில் சொன்னாள். ரூபினி உரக்கச் சொன்னாள். இதில் ஒரு சிக்கல். வாலைக் கேட்டதும் ரூபினிக்கு முதலில் சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடித்துச் சொல்லும்போது அதில் உயிர் இருக்காது. ஆட்டம் ஓடியது. ஆனால் எல்லோரும் ரூபினியைப் பார்த்து ஆடினார்கள். "எழுபத்தொண்ணு குடு ரூபி" என்று அவளிடம் கெஞ்சினார்கள். ஆட்டம் முடிந்ததும் அம்மா பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "நல்லா கூப்ட்ட கண்ணு" என்றாள். பிறகு, "நீ கூப்ட்ட" என்றாள். ரூபினி அதற்குமேல் அந்த வேலையைச் செய்யவில்லை.

மூன்றாவது வாரம் மேலாளர் மமதா தன் ஃபோனில் ஒரு ஆப்பை இறக்கினார். நல்ல மனுஷி, எதையும் ஒத்திப்போடாதவர்.

"மேரி ஆன்ட்டி, நீங்க ஸ்வல்ப ரெஸ்ட் எடுங்க. எல்லாம் இதுவே பண்ணும்."

ஃபோனிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் எண்களைச் சொன்னாள். ஒரே தாளம், ஒரே இடைவெளி. ரத்தினம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு இந்தப் பொண்ணு? மூச்சே உடாம பேசுது. சாப்டுச்சா இல்லயா?"

சிரித்தார்கள். பாதி ஆட்டத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். யார் ஜெயித்தது என்று எனக்கு நினைவில்லை. ஜெயித்தவர் பிஸ்கட் டின்னை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று காலையில்தான் நாராயணசாமியின் தம்பி இறந்த செய்தி வந்திருந்தது. அவர் டிக்கெட்டில் பாதிகூட மூடவில்லை. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்தேன்.

"ஃபேரா ஆடுனா இங்க யாரு ஜெயிப்பாங்க?" என்றாள்.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் ஒரு நட்சத்திரம் தொங்கியது. மமதா கேக் வரவழைத்திருந்தார், அதிலும் சர்க்கரை இல்லை. கிறிஸ்துமஸ் ஆட்டத்தை அம்மாதான் கூப்பிடுவாள் என்று ரூபினி வாரம் முழுக்க எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். எப்படி என்று அவளுக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சிவப்புப் புடவை கட்டி, நாற்காலியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பையை மடியில் வைத்தாள். ரூபினிக்கே அன்று சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. டிசம்பர்க் குளிரில் முதல் பஸ் பிடித்து வருகிறவள்.

அம்மா பைக்குள் கைவிட்டாள். கை நடுங்கியது. நான் விரல்களைப் பார்த்தேன். முன்பு போல அள்ளி விடவில்லை. துழாவி, கிடைத்த ஒன்றைப் பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து எடுத்தாள். அளவு விரலுக்குத் தெரியவில்லை. அன்று ஆட்டம் நேர்மையாகத்தான் நடந்தது, வேறு வழியில்லாமல்.

எண்ணைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். உதடு அசைந்தது. யாருக்கும் கேட்கவில்லை. கூடம் காத்திருந்தது. மமதா ஃபோனை எடுத்தார்.

"நாப்பத்தி மூணு" என்றார் ரத்தினம்மாள்.

அவர் முன்வரிசையில், அம்மாவின் முழங்கால் இடிக்கிற தூரத்தில் இருந்தார். ஆனால் அவரும் கூடத்துக்காகச் சொல்லவில்லை. அவருக்கும் குரல் அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த வைத்தீஸ்வரனிடம் சொன்னார். "நாப்பத்தி மூணாம். மெட்ரோ பில்லர் நம்பராம், அங்க எறங்குனா தொலஞ்சி போயிடுவோமாம்."

வைத்தீஸ்வரன் சிரித்தார். பின்னால் இருந்தவர் அவர் தோளைத் தட்டினார்.

"என்ன சொன்னாங்க?"

"நாப்பத்தி மூணு. மெட்ரோ பில்லர்."

பின்னால் இருந்தவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். எண் இப்படி ஒவ்வொரு நாற்காலியாகப் போனது. சிரிப்பு அதன் கூடவே போனது, ஒவ்வோரிடத்திலும் புதிதாக. கடைசி வரிசையில் நாராயணசாமிக்குக் காதும் மந்தம், கண்ணும் மந்தம். பக்கத்தில் இருந்தவர் அவர் உள்ளங்கையில் எண்ணை விரலால் எழுதினார். நாராயணசாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"ரைட்" என்றார்.

அம்மா அடுத்த பட்டனுக்குக் கைவிட்டாள்.

நான்கைந்து எண் போனதும் தகராறு வந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். "முன்னாடி ஒக்காந்தவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. அவங்க மூடி முடிச்ச பிறகுதான் எங்களுக்கு வருது. இது நியாயமா?"

வைத்தீஸ்வரன் கையை உயர்த்தினார். ஆடிட்டருக்கு இப்படி ஒன்று பல வருஷமாகக் கிடைத்திருக்காது.

"ரூல் இதுதான். நம்பர் கடைசி வரிசைக்குப் போய்ச் சேந்து, நாராயணசாமி ரைட் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் மூடப்படாது. மூடினா டிக்கெட் கேன்சல்."

"உங்க கொட்ட ஏற்கெனவே இப்ப போயிட்டிருக்கிற நம்பர் மேல இருக்கே சார்" என்றார் ரத்தினம்மாள்.

வைத்தீஸ்வரன் கொட்டையை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கூடத்தில் சத்தமே இல்லை. இத்தனை நாளில் அந்தக் கூடத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. டி.வி.யை யாரோ அணைத்தார்கள். மின்விசிறியையும் அணைத்தார்கள். அம்மாவின் உதடு அசையும்போது ரத்தினம்மாள் முன்னால் சாய்வார். அவர் சாயும்போதே வைத்தீஸ்வரன் அவர் பக்கம் சாய்வார். வரிசை வரிசையாக ஆட்கள் சாய்ந்து நிமிர்வதை ஓரத்திலிருந்து பார்க்க முடிந்தது. அம்மா அவசரப்படவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் வாலை யோசித்து வைத்தாள். எண் புறப்பட்டுப் போவதைக் கண்ணால் தொடர்ந்தாள். எந்த நாற்காலியில் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாள். 'ரைட்' வந்த பிறகுதான் பைக்குள் கை போகும்.

ஐம்பத்தொன்பதுக்கு என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரத்தினம்மாள் கேட்டுவிட்டு, "சீ, இத நான் ஆம்பளகிட்ட சொல்லமாட்டேன்" என்றார். வைத்தீஸ்வரனைத் தாண்டி அடுத்த அம்மாளிடம் சொன்னார். வைத்தீஸ்வரன் ஆட்சேபித்தார். எண் மட்டும் அவருக்குக் கிடைத்தது.

இருட்டிவிட்டது. மாத்திரை கொடுக்கிற நேரம் வந்தது. ரூபினியும் இன்னொரு பெண்ணும் வரிசைகளுக்கு நடுவில் குனிந்தபடி வாயில் மாத்திரையும் கையில் தண்ணீருமாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். மமதா ஃபோனை எப்போது உள்ளே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்த எண்ணைக் கன்னடத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் பின்னால் அனுப்பினார்.

சமையற்கட்டிலிருந்து மைக்கேல்ராஜ் கரண்டியோடு வந்தான்.

"சாம்பார் ரெண்டு தடவ சூடு பண்ணிட்டேன். யாராச்சும் சாப்பிட வர்றீங்களா, இல்ல நானே சாப்பிட்டுட்டு ஊட்டுக்குப் போவட்டுமா?"

கூடம் முழுக்க அவனைப் பார்த்து உஷ் என்றது. நாராயணசாமி தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். யாரோ ஒரு டிக்கெட்டை அவன் கையில் திணித்தார்கள். அதுவரை கூப்பிட்ட எண்களை எல்லாம் அவனுக்கு மறுபடி சொல்ல வேண்டும் என்று தீர்மானமாகி, அம்மா எடுத்துவைத்திருந்த பட்டன்களை ரூபினி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். அவனுக்குப் பெரும்பாலும் மூடிவிட்டது. அவன் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அம்மா களைத்துவிட்டாள். தலை ஒரு பக்கம் சரிந்தது. நான் எழுந்து போனேன். "போதுமாம்மா?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ரைட் வரவில்லை. அது வந்தது. பைக்குள் கைவிட்டாள். ஒரு பட்டனைப் பிடிக்க அவளுக்கு நிறைய நேரம் ஆனது.  எடுத்தாள். வால் வைக்க மூச்சு இல்லை. எண்ணை மட்டும் சொன்னாள்.

"அறுபத்தி ரெண்டு" என்றார் ரத்தினம்மாள். "சும்மா அறுபத்தி ரெண்டு."

அறுபத்திரண்டு போனது. சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, கடைசி வரிசைக்குப் போனது.

"ரைட்."

"ஃபுல் ஹவுஸ்" என்று மைக்கேல்ராஜ் கத்தினான். பெரிய பாத்திரங்களுக்கு நடுவில் வேலை செய்கிறவன் குரல். தெருவில் போகிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும்.

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நாராயணசாமி முன்னால் குனிந்து, எதிர் நாற்காலியில் இருந்தவர் தோளைத் தட்டினார்.

"மைக்கேல்ராஜுக்கு ஃபுல் ஹவுஸாம்."

அவர் திரும்பி, தனக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். "மைக்கேல்ராஜுக்கு ஃபுல் ஹவுஸாம்." மமதா அதை வாங்கி முன்னால் கொடுத்தார். செய்தி வந்த வழியே ஒவ்வொரு நாற்காலியாகத் திரும்பி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வைத்தீஸ்வரன் ரத்தினம்மாளிடம் சொன்னார். ரத்தினம்மாள் கஷ்டப்பட்டு முன்னால் நகர்ந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"மேரி. நம்ம சமையக்காரனுக்கு ஃபுல் ஹவுஸாம்."

அம்மா கேட்டுக்கொண்டாள்.  உதடு அசைந்தது.

ரத்தினம்மாள் நிமிர்ந்து வைத்தீஸ்வரன் பக்கம் சாய்ந்தார்.

"செக் பண்ணணுமாம். டிக்கெட்டக் கொண்டாரச் சொல்றா."

அது பின்னால் போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மைக்கேல்ராஜ் கரண்டியை நாராயணசாமியிடம் கொடுத்துவிட்டு, கொட்டைகள் நகராதபடி டிக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் மெதுவாக முன்னால் நடந்து வந்தான்.